கர்ப்பம் தெரிவதற்கு முன் உட்கொண்ட வரெனிக்லின் மாத்திரை, இன்னும் விடாத சிகரெட்: எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?

பள்ளிகொண்டா மருமகள் கேட்டது:

வணக்கம். பள்ளிகொண்டாவில் மாமியார் வீட்டிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 29. இது தலைப்பிள்ளை, ஒன்பதாவது வாரம் நடக்கிறது. பெங்களூரில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தபோது, இரவு ஷிப்டில் தேநீருடன் ஒன்று என்று தொடங்கிய சிகரெட், நாளொன்றுக்கு எட்டு வரை போய்விட்டது. கணவருக்கு இது தெரியும். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

எப்படியாவது விட்டுவிட வேண்டும் என்று பெங்களூரிலேயே ஒரு மருத்துவரைப் பார்த்தேன். அவர் வரெனிக்லின் என்னும் மாத்திரையைப் பன்னிரண்டு வாரங்களுக்கு எழுதிக் கொடுத்தார். குழந்தைக்கான எண்ணம் இருப்பதை அவரிடம் சொல்லாமல் விட்டது என் தவறு. முதல் மூன்று நாள் அரை மில்லிகிராம் ஒரு வேளை, அடுத்த நான்கு நாள் இரு வேளை, அதன் பிறகு ஒரு மில்லிகிராம் இரு வேளை என்ற கணக்கில் ஐந்து வாரம் உட்கொண்டேன். சிகரெட்டைப் பற்ற வைத்தாலும் அதில் ஒன்றுமே இல்லாதது போல ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் நாள் தள்ளிப்போயிற்று. பரிசோதனையில் இரண்டு கோடுகள் தெரிந்ததும் பயந்துபோய், யாரையும் கேட்காமல் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டேன். பத்தே நாளில் சிகரெட் திரும்பி வந்துவிட்டது. இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால், மாடியில் துணி உலர்த்தும் சாக்கில் நாளைக்கு இரண்டு, சில நாள் மூன்று. காட்பாடியில் ஒரு மருந்துக்கடையில் 2 மி.கி. நிகோட்டின் சூயிங்கம் வாங்கி வைத்திருக்கிறேன். பிரிக்கவே பயமாக இருக்கிறது.

நான் அறிய விரும்புபவை இவை. உட்கொண்ட மாத்திரையால் கருவுக்கு ஏதாவது ஆகியிருக்குமா? எட்டு என்பது இரண்டாகக் குறைந்துவிட்டதே, அது போதாதா? கர்ப்பத்தில் திடீரென்று நிறுத்தினால் குழந்தைக்கு அதிர்ச்சி ஏற்படும் என்று அலுவலகத் தோழி ஒருத்தி சொன்னது உண்மையா? மாமனார் காலையும் மாலையும் திண்ணையில் அமர்ந்து பீடி குடிப்பார்; அந்தப் புகை முன்னறை வரை வரும். அதைப் பெரிதுபடுத்த வேண்டுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவரிடம் போகும்போது அத்தையும் உடன் வருவார். அவர் முன்னால் இதை எப்படிச் சொல்வது?

ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர், வேலூர்:

அன்புள்ள மகளுக்கு, நீங்கள் பயப்படும் வரிசையைச் சற்று மாற்ற வேண்டியிருக்கிறது. நிறுத்திவிட்ட மாத்திரையையும் பிரிக்காத சூயிங்கத்தையும் நினைத்துக் கலங்குகிறீர்கள். மாடியில் புகைக்கும் இரண்டு சிகரெட்டைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் “போதாதா” என்கிறீர்கள். முப்பது ஆண்டுகளில் என்னிடம் வந்த பலரும் இப்படித்தான் கேட்டார்கள் என்பதால் இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மருந்து என்றால் அட்டையில் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும், அதனால் அச்சம் வருகிறது. சிகரெட் பெட்டியின் மேல் அதைவிடப் பெரிய எச்சரிக்கை இருந்தும், தினம் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகிவிடுகிறது.

முதலில் மாத்திரை. கர்ப்பம் என்று தெரியாமல் வரெனிக்லின் உட்கொண்ட பெண்களின் குழந்தைகளை டென்மார்க், சுவீடன் போன்ற நாடுகளின் பிறப்புப் பதிவேடுகளிலிருந்து தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் பெரிய உறுப்புக் குறைபாடுகள் வழக்கத்தைவிட அதிகமாக இருந்ததாகத் தெரியவரவில்லை. பார்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை இன்னும் குறைவுதான் என்பதால், முழுப் பாதுகாப்பானது என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்க மாட்டார். ஆனால் இந்த ஒரு காரணத்துக்காகக் கருவைக் கலைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனையும், 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஸ்கேனையும் தவறவிடாமல், மாத்திரை உட்கொண்ட நாட்களைக் குறித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கர்ப்பம் தெரிந்த பிறகு அதை மீண்டும் தொடங்கக் கூடாது. 2013-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், கர்ப்பிணிகளுக்கு வரெனிக்லின், சிகரெட்டை விடக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான புப்ரோப்பியான் ஆகிய இரண்டையும் பரிந்துரைக்கவில்லை. நீங்கள் நிறுத்தியது சரி. நிறுத்திய கையோடு மருத்துவரிடம் போகாமல் இருந்ததுதான் சரியில்லை.

இனி சிகரெட். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவுடன் பற்றிக்கொள்ளும். ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துவிடுகிறது. தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடக் கருவின் ரத்தத்தில் அதன் அளவு கூடுதலாகவே சேரும், வெளியேறுவதும் மெதுவாகத்தான். நிகோட்டின் நஞ்சுக்கொடியைக் கடந்து போவதோடு ரத்தக் குழாய்களையும் சுருக்குகிறது. ஆக, வருகிற ரத்தமும் குறைவு, அந்த ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனும் குறைவு. புகைக்கும் தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 200 கிராம் வரை எடை குறைந்து பிறப்பது இதனால்தான். இரண்டே முக்கால் கிலோவில் பிறக்கிற நம் ஊர்க் குழந்தைக்கு 200 கிராம் என்பது சின்ன விஷயமில்லை. கருச்சிதைவு, குறைப்பிரசவம், பிரசவத்துக்கு முன்பே நஞ்சுக்கொடி கழன்று ரத்தப்போக்கு ஏற்படுதல், வயிற்றிலேயே குழந்தை இறத்தல், உதட்டுப் பிளவு, பிறந்த பின் தூக்கத்திலேயே திடீரென்று இறத்தல் ஆகிய எல்லாவற்றுக்குமான வாய்ப்பு புகைப்பவர்களிடம் கூடுகிறது. நஞ்சுக்கொடி கழன்று நள்ளிரவில் கொண்டுவரப்பட்ட தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அதை இங்கே விவரிக்கப் போவதில்லை.

குறைத்தால் போதாதா என்று கேட்டீர்கள். எட்டிலிருந்து இரண்டுக்கு வந்ததில் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணிக்கையைக் குறைத்தவர்கள் தம்மை அறியாமலே ஒவ்வொன்றையும் ஆழமாக இழுத்து, பஞ்சு வரை புகைத்து, உடல் கேட்கும் நிகோட்டினை அதிலேயே ஈடுகட்டிக் கொள்வார்கள். முழுவதும் நிறுத்துவதில்தான் பெரிய பலன் இருக்கிறது. கர்ப்பத்தின் பதினைந்தாவது வாரத்துக்கு முன் நிறுத்தியவர்களின் குழந்தைகள், எடையிலும் குறைப்பிரசவ விகிதத்திலும், புகைக்காதவர்களின் குழந்தைகளைப் போலவே இருந்தன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. உங்கள் கையில் இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் குழந்தைக்கு அதிர்ச்சி என்பது ஆதாரமில்லாத பேச்சு. கடைசி சிகரெட்டுக்குப் பிறகு ஓரிரு நாளில் கார்பன் மோனாக்சைடு உங்கள் உடலைவிட்டுப் போய்விடும். எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி எல்லாம் உங்களுக்குத்தான் வரும், குழந்தைக்கு அல்ல.

சூயிங்கம் விஷயத்தில் நாடுகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நிகோட்டின் மருந்துகளைப் பரிந்துரைப்பதா வேண்டாமா என்று முடிவு சொல்ல அந்த 2013 வழிகாட்டுதல் முன்வரவில்லை. போதிய சான்று இல்லை என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2021-ல் கூறியது. இங்கிலாந்திலோ, ஆலோசனையுடன் சேர்த்துக் கர்ப்பிணிகளுக்கு இவற்றைக் கொடுக்கிறார்கள். அந்நாட்டில் 1,050 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2012-ல் வெளியான ஆய்வில், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையைப் பயன்படுத்தியவர்களில் பிரசவம் வரை சிகரெட்டை விட்டிருந்தவர்கள் 9.4 சதவீதம், மருந்தில்லாத வெறும் பட்டை ஒட்டியவர்களில் 7.6 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் பட்டையைப் பயன்படுத்தியவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். இரண்டு வயதில் அந்தக் குழந்தைகளைப் பார்த்தபோது, மருந்துப் பட்டை ஒட்டிய தாய்மாரின் குழந்தைகள் வளர்ச்சியில் பின்தங்கவில்லை, சற்று மேலாகவே இருந்தார்கள். கர்ப்ப காலத்தில் உடல் நிகோட்டினை வழக்கத்தைவிட வேகமாகக் கரைத்துவிடும் என்பதால், சாதாரண அளவு பலருக்குப் போதாமல் போவதும் உண்டு.

என் கருத்தைக் கேட்டால், மருந்தில்லாமல் ஆலோசனையோடு விட முடிந்தால் அதுவே முதல் வழி. முடியவில்லை என்றால், மருத்துவருக்குத் தெரிந்து, இடைவெளி விட்டு மெல்லும் 2 மி.கி. சூயிங்கம், மாடியில் ஒளிந்து புகைக்கும் சிகரெட்டைவிடப் பல மடங்கு மேல். அதில் நிகோட்டின் மட்டும்தான் இருக்கிறது; கார்பன் மோனாக்சைடும் தாரும் புகையின் மற்ற ஆயிரக்கணக்கான ரசாயனங்களும் இல்லை. சிகரெட்டும் குடித்துக்கொண்டு சூயிங்கமும் மெல்வது மட்டும் வேண்டவே வேண்டாம். பட்டை எழுதிக் கொடுத்தால் இரவில் கழற்றிவிட வேண்டும்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர்:

இவ்வளவு சிரமம் எதற்கு? மின்-சிகரெட்டுக்கு மாறிவிடலாமே. அதில் வருவது வெறும் நீராவிதான் என்று படித்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர், வேலூர்:

ஐயா, நீங்கள் படித்தது தவறு. அது நீராவி அல்ல. நிகோட்டினும் வாசனைப் பொருட்களும் கலந்த திரவத்தைச் சூடாக்கி வரும் புகைமூட்டம். 2019-ல் இந்தியாவில் மின்-சிகரெட்டின் உற்பத்தியும் விற்பனையும் சட்டத்தால் தடை செய்யப்பட்டுவிட்டன. கள்ளத்தனமாகக் கிடைக்கும் குப்பிக்குள் என்ன அளவு, என்ன பொருள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கர்ப்பிணிக்கு இதைச் சொல்லாதீர்கள்.

குடியாத்தம் செவிலியர்:

டாக்டர் அம்மா சொன்னவற்றுக்கு மேல் மருந்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. திண்ணைப் பீடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் பீடி சுற்றும் வீட்டில் பிறந்தவள்.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கங்களில் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. என் அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, முந்தின இரவே நனைத்து வைத்த இலையைத் தகட்டை வைத்து வெட்டி, தூளை நிரப்பி, நகத்தால் மடித்து, நூலால் கட்டிப் போடுவார். என் தம்பி வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாதத்தில் முறம் மடியில் நிற்கவில்லை. அதற்காக வேலையை நிறுத்தவில்லை. எதிரே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் முறத்தை வைத்துக்கொண்டார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிய வேலையில் வயிறு பெரிதாகிவிட்டது என்று யார் உட்கார முடியும்? பீடி சுற்றும் பெண்கள் ஒன்றுகூடக் குடிக்காமலே, அவர்களுடைய சிறுநீரில் நிகோட்டினின் எச்சமான கோட்டினின் இருப்பதைப் பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். தோல் வழியாகவும் தூசி வழியாகவும் உள்ளே போவது அது. இதைப் படிப்பவர்களின் வீட்டில் கர்ப்பிணி யாராவது பீடி சுற்றினால், முகத்தில் துணி கட்டிக்கொள்வதும், காற்றோட்டமான இடத்தில் உட்காருவதும், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், தூள் மூட்டையைப் படுக்கும் அறையில் வைக்காமல் இருப்பதுமாவது நடக்கட்டும்.

“பீடி இலைதானே, சிகரெட் மாதிரி காகிதம் இல்லையே” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது பொய். பீடி அடிக்கடி அணைந்துவிடும் என்பதால் அதை விடாமல் இழுக்க வேண்டும். அதனால் வெளிவரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் குறைவில்லை, கூடுதல் என்றே அளந்திருக்கிறார்கள். அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிக்கும் கர்ப்பிணிக்கும் குழந்தையின் எடை குறையும், வயிற்றிலேயே குழந்தை இறக்கும் அபாயமும் கூடும். ஆகவே தங்கையே, திண்ணைப் புகையைப் பெரிதுபடுத்தத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் பேச வேண்டாம். மகன் பேசினால் அப்பா கேட்பார். கதவைச் சாத்துவதோ மின்விசிறியைப் போடுவதோ போதாது. தெருக்கோடிக்குப் போய்க் குடித்துவிட்டு, வாய் கொப்பளித்துக் கை கழுவி வரச் சொல்லுங்கள். வெற்றிலையோடு புகையிலை ஒதுக்கும் பாட்டிமார் வீட்டில் இருந்தால், மசக்கைக்கு நல்லது என்று உங்களுக்கு ஒரு துணுக்கு நீட்டுவார்கள். அதையும் வாங்காதீர்கள். புகையில்லாத புகையிலையும் குறைப்பிரசவத்துக்கும் எடைக் குறைவுக்கும் காரணமாகிறது.

அத்தை முன்னால் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். புறநோயாளிப் பிரிவில் எடை பார்க்கவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் கர்ப்பிணியை மட்டும்தான் உள்ளே அழைப்போம். அந்த இரண்டு நிமிடம் போதும். “டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்” என்று செவிலியரின் காதில் சொல்லுங்கள். உடன் வந்தவரை ஏதாவது ஒரு சீட்டோடு வேறு வரிசைக்கு அனுப்புவது எங்களுக்குக் கைவந்த கலை.

காட்பாடி அக்கா:

நான் உங்கள் நிலையில் இருந்தவள். மகனுக்கு இப்போது நான்கு வயது. மூன்றாம் மாதத்தில் விட்டேன், மருத்துவருக்குத் தெரிந்து சூயிங்கம் மென்றுதான் விட்டேன். டாக்டர் அம்மா எழுதாமல் விட்ட சில நடைமுறைகளைச் சொல்கிறேன்.

அதைச் சாதாரண பபிள்கம் போல மென்றுகொண்டே இருந்தால் விக்கல் வரும், நெஞ்சு எரியும், மசக்கையோடு சேர்ந்து வாந்தியும் வரும். நான் முதல் நாள் அப்படித்தான் செய்து, இது நமக்கு ஒத்துக்கொள்ளாது என்று தூக்கி எறிந்தேன். பிறகு முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். நான்கைந்து முறை மெல்ல வேண்டும். காரம் போல ஒரு சுறுசுறுப்பு நாக்கில் தெரிந்ததும் மெல்லுவதை நிறுத்தி, நம் பாட்டிகள் புகையிலையை ஒதுக்குவது போலக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். சுறுசுறுப்பு அடங்கியதும் மீண்டும் இரண்டு மெல்லு, மறு பக்கம் ஒதுக்கு. இப்படி அரை மணி நேரம். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, தேநீர், பழச்சாறு எதுவும் கூடாது. அவை இருந்தால் வாயில் மருந்து ஏறாது. எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தால் வயிறுதான் புரட்டும்.

முதல் நான்கு நாள் மிகக் கடினம். எனக்கு மாலை ஐந்து மணிதான் எமன். ஆசை எழுந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் அது உச்சத்தில் நிற்பதில்லை என்று ஆலோசகர் சொன்னதை நம்பி, அந்த நேரத்தில் முள் கத்தரிக்காயை எடுத்து வைத்துக்கொண்டு காம்பு நீக்க உட்கார்ந்துவிடுவேன். இலவம்பாடிக் கத்தரிக்காயின் முள்ளுக்குப் பயந்து கவனமெல்லாம் விரலில் இருக்கும். அந்த மாதம் எங்கள் வீட்டில் வாரத்துக்கு நான்கு நாள் கத்தரிக்காய்க் குழம்புதான். கணவர் வாய் திறக்கவில்லை.

1800 11 2356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணுக்குக் கட்டணம் கிடையாது. தமிழிலும் பேசலாம். அவர்களே நாள் குறித்துத் திரும்ப அழைக்கிறார்கள். பெயரை வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ஒன்பது மாதம் விட்டிருந்த நான், பிள்ளை பிறந்து மூன்றாம் மாதத்தில், தூக்கமில்லாத ஒரு விடியற்காலையில் மீண்டும் ஒன்று பற்ற வைத்தேன். நிகோட்டின் தாய்ப்பாலில் வரும். என்றாலும் பாலை நிறுத்தாதே, சிகரெட்டை நிறுத்து என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். மறுபடி விடுவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. பிரசவத்தோடு இந்தக் கதை முடிவதில்லை.

பள்ளிகொண்டா மருமகள்:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன். செவிலியர் அக்கா சொன்ன வழியேதான் நடந்தது. அத்தை ரத்தப் பரிசோதனைச் சீட்டு வாங்கப் போயிருந்த நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மாத்திரை உட்கொண்ட தேதிகளைத்தான் கேட்டு எழுதிக்கொண்டார். முதல் ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்றார்; அடுத்ததற்குத் தேதி குறித்தாயிற்று. ஒரு வாரம் மருந்தில்லாமல் முயன்று பார்க்கச் சொன்னார். நான்காம் நாள் மாடிக்குப் போய்விட்டேன். அதன் பிறகு நாளைக்கு இத்தனைக்கு மேல் கூடாது என்று எண்ணிக்கை குறித்து 2 மி.கி. சூயிங்கத்தை அனுமதித்தார். இன்றோடு பதிமூன்று நாள் ஆகிறது, சிகரெட்டைத் தொடவில்லை.

மாமனாரிடம் என் கணவர் பீடியைப் பற்றி மட்டும் பேசினார். அவர் ஒன்றும் சொல்லாமல் மறுநாள் முதல் ஆற்றங்கரைப் பக்கம் போய்விட்டு வந்து, கிணற்றடியில் கை கால் கழுவிய பிறகுதான் திண்ணை ஏறுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது அருகில் வந்து நின்றார். குப்பையில் கிடந்த சூயிங்கம் அட்டை அவர் கையில் இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. கண்ணாடியைப் போட்டு அட்டையின் பின்பக்கத்தை மெதுவாகப் படித்து முடித்துவிட்டு, “இது எனக்கும் கேட்குமாம்மா?” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவருக்கு 66 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கொடுக்கலாமா, டாக்டர் அம்மா?

ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர், வேலூர்:

உங்கள் அட்டையிலிருந்து கொடுக்காதீர்கள். பீடியை எழுந்த அரை மணி நேரத்துக்குள் பற்ற வைப்பவரா என்பதைப் பொறுத்து அவருக்கான அளவு மாறும், 4 மி.கி. என்றால் மருத்துவர் சீட்டு வேண்டும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா, சமீபத்தில் நெஞ்சுவலி வந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். பொது மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கேட்கலாம். பல் செட் கட்டியிருந்தால் சூயிங்கம் ஒட்டிக்கொள்ளும், அவருக்குப் பட்டைதான் வசதி.